இடப்பக்கம் இழுத்த கார்

மாமனாரை நினைத்தால் முகத்தைவிட முதலில் அவருடைய வலது கைதான் எனக்கு நினைவுக்கு வரும். ஸ்டீரிங்கைச் சற்றே தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும் கை. கல்யாணமாகி, பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் வேலந்தாவளத்துக்கு வந்த முதல் வாரமே கவனித்துவிட்டேன். சாலை நேராகப் போகும். அவர் மட்டும் வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பார்.

அந்தக் காரை அவர் பழையதாக வாங்கியது, சந்தையில் மாடு பிடிக்கும் முறையில்தான். சுழி பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பெயிண்ட்டைத் தடவினாராம்; முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தாராம். இடப்பக்கம் இழுக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. அதைப் பழுது என்றே அவர் நினைக்கவில்லை. “நொகத்துல எடப்பக்கம் பூட்டிப் பழகுன காளையாட்டம் அம்மிணி. எடத்துக்குத்தான் போகப் பாக்கும். வலத்துக் கயித்த இறுக்கிப் புடிச்சாப் போச்சு” என்று எனக்கே விளக்கம் சொன்னார். தங்கமான மனிதர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது. காலை பஸ் என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முதல் மணி அடித்துவிடும். இனியும் தாமதமானால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசன்ஸும் இருந்தது. சாவி கிடைத்தால் வேலை தங்கும், இல்லாவிட்டால் போய்விடும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். “பழகுன கை மாறுனா உருப்படி கெட்டுப்போயிரும் அம்மிணி. வேணும்னா நானே கொண்டுவந்து உடறேன்” என்றார். தோட்டத்தில் தண்ணீர் கட்டும் நேரத்தில் எங்கே வந்து விடுவது? கணவருக்குக் கோயம்புத்தூர் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். “அப்பாகிட்ட என்னால பேச முடியாது, நீயே பாத்துக்க” என்று நைசாக நழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை, பஞ்சரான முன்டயரைக் கழற்றியபோது அதன் ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமனாரே குனிந்து விரலால் தடவினார். “லாடம் ஒருபக்கமாத் தேயுதுன்னா நடையில கோளாறு இருக்குது” என்றார். அதுவரை ஸ்டீரிங் இழுப்பதைப் பழுது என்று ஒப்புக்கொள்ளாதவர், அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்குப் போனார். நாங்கள் டீ குடித்து வருவதற்குள் சக்கரங்களை நேராக்கிவிட்டார்கள்.

திரும்பும்போதுதான் கூத்து. கார் நேராகப் போகத் தயார்; மாமனாரின் கை அதை விடவில்லை. பல வருஷப் பழக்கத்தில் அது வலப்பக்கம் இழுக்க, கார் சொன்ன சொல் கேட்டு வலப்பக்கமே போனது. எதிரே கள்ளு கேன்கள் ஏற்றிவந்த ஜீப் அலறிக்கொண்டு ஒதுங்கியது. டிரைவர் தலையை நீட்டி, தூங்குகிறீர்களா என்று மலையாளத்தில் திட்டிவிட்டுப் போனார். மாமனார் வண்டியை மறுபடி எடுத்தார். மறுபடியும் வலது. இந்த முறை வயல் ஓரத்துப் பனைமரத்தடியில் போய் நின்றது. ஐயோ, எனக்கு உயிரே போய் வந்தது.

அவர் இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கக் கதவைத் திறந்தார்.

“எறங்கு அம்மிணி. வண்டி திருந்திருச்சு. என்ற கை இன்னும் திருந்துல. நீ ஓட்டு.”

“நெசமாத்தான் சொல்றீங்களா மாமா?”

“பின்னே? பொழுதோட ஊடு போய்ச் சேர வேண்டாமா?”

அன்று நான் ஓட்டினேன். திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். மாட்டுச் சந்தை நாளில் மாமனாரைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டுப் போவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கணவர் பாலக்காட்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு, “அப்பா, கார் சாவி எங்கீங்க?” என்று கேட்டார். மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னைய ஏன்டா கேக்கறே? அம்மிணியக் கேளு. குடுத்தா எடுத்துட்டுப் போ. இல்லீன்னா பஸ்ஸுக்குப் போ.”