துரை கல்லின் பின்பக்கம்

அலாவுதீனின் கைகள் அவசரப்படவில்லை. கஞ்சி போட்டுப் பிழிந்த மெல்லிய பனியன் துணியைக் கல்லின் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போயின. பள்ளம் தட்டுப்பட்ட இடங்களில் பிரஷ்ஷால் தட்டித் துணியை உள்ளே இறக்கின. பிறகு கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகளை உருண்டையாகக் கட்டி, கறுப்பு மையில் தொட்டு, முக்கால்வாசி மையைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியின் மேல் ஒத்தி ஒத்தி வைத்தன. மை கல்லில் இறங்கக் கூடாது. மேடு கறுக்க வேண்டும், பள்ளம் வெள்ளையாக நிற்க வேண்டும்.

கல், சேவூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஹார்லண்ட் துரையின் கல்லறைக் கல். துரை அறுநூறு ஏக்கரை வளைத்துப் பருத்தி போட்டவர். முன்னால் நீலப் பலகை நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் சிறை என்கிறது. துரையை வேளாண்மையின் வழிகாட்டி என்றும் சொல்கிறது. யார் யாருடைய காட்டைப் பிடுங்கி அறுநூறு ஏக்கர் சேர்ந்தது என்பதற்கு மட்டும் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

செத்தவருக்கு இப்போது தொல்லியல் துறை சுற்றுச்சுவர் எழுப்புகிறது. வரைபடத்தில் கல்லறையை ஒட்டிய வண்டித்தடமே இல்லை. சுவர் அதை மறித்தால் பின்னால் உள்ள பதினான்கு வீடுகளுக்கு ஆட்டோ வராது. அதில் ஒரு வீடு ஆயம்மாளுடையது. அவர் கணவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். வரப்பில் நடந்து ரோட்டுக்குப் போகிற உடம்பு இல்லை அது.

கல்லின் பின்பக்கம் தடத்தைப் பற்றி எழுதியிருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்தை மூடிவிட்டது. விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும், ஆயம்மாள் எடுத்துப்போன போட்டோவில் வெறும் வெள்ளைதான். துறை அலுவலகத்தில், "படிக்கிற மாதிரி ஏதாச்சும் கொண்டு வாங்க" என்றார்கள். சுரண்டினாலோ சிறை. மூடினவர்களுக்குச் சிறை இல்லை, பார்க்க நினைப்பவர்களுக்குத்தான்.

அந்த வேகத்தில்தான் அவர், தான் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் பிரிண்டிங் மாஸ்டர் அலாவுதீனிடம் போனார். மாஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் கெடுத்த துணிகளைப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். டீ-சர்ட் நெஞ்சில் சிவப்பு அச்சு நீலத்தின் மேல் ஒரு நூலளவு ஏறினாலும் முழு லாட்டையும் நிறுத்திவிடுவார். முதலாளி கத்துவார். இவர் டேபிளை விட்டு நகரமாட்டார்.

மூன்று ஞாயிறு போயிற்று. முதல் துணி கெட்டி, எழுத்து இறங்கவில்லை. இரண்டாவதில் மை பரவிவிட்டது. இது மூன்றாவது. சுவர் தடத்துக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. நாளைக்கு மறித்துவிடும்.

சுவர் காண்ட்ராக்டர் மகுடேஸ்வரன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க பாய், பனியன்ல அச்சடிச்சா பட்டா ஆயிருமாங்க?"

"ஆவாதுங்க. கல்லுல இருக்கறது துணிக்கு வரும், அவ்ளோதான்."

"அப்படியே தொரைக்கு ஒரு பனியன் அடிச்சுப் போடுங்க. வெயில்ல கெடக்கறாரு."

"தொரைக்கு நீங்கதான் காம்பவுண்டே கட்டறீங்களே. எங்கூட்டுக்காரரு எந்த வழியில ஆஸ்பத்திரி போவாருன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க!" என்று ஆயம்மாள் சீறினார்.

காண்ட்ராக்டர் போனபின் அலாவுதீன் துணியை ஓரத்திலிருந்து பிரித்தெடுத்தார். கறுப்பில் வெள்ளையாக எழுத்து நின்றது. 'இந்தத் தடம் பன்னிரண்டு அடி. குடிகள் போக்குவரத்துக்கு விட்டது. யாரும் மறி' — அதற்குமேல் கல் பொரிந்து போயிருந்தது. அடுத்த வரியில் 1887.

ஆயம்மாள் இரண்டு தடவை படித்தார். "மறிக்கக் கூடாதுன்னுதானுங்க மாஸ்டரு இருந்திருக்கும்? பிரஷ்ல ஒரு இழுப்பு இழுத்துருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமுல்லீங்க."

"எங்கூட்டுக்காரரை வரப்புல தூக்கிட்டுப் போறது நீங்க இல்லீங்களே!"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. மை டப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடினார்.

"இத்தனை வருஷம் மூடி வெச்சவங்களோட சேத்தி நம்மளும் பொய் பண்ணோணுமாங்க? ஒரு எழுத்தை நான் போட்டன்னா மிச்சம் அத்தனையும் நான் போட்டதுன்னு ஆயிரும் அம்மிணி."

திங்கட்கிழமை காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி ஜெயசுதா துணியை மேஜையில் விரிக்கச் சொன்னார். விரலை வைத்து வரிவரியாகப் படித்தவர் பாதியில் நின்றார்.

"இங்க ஏன் காலியா இருக்கு?"

"கல்லுல இல்லீங்க."

"நீங்க சேத்து எழுதலியா?"

"இல்லீங்க. வேணும்னா இந்தத் துணியைக் கொண்டுபோயி கல்லுலயே வெச்சுப் பாருங்க. எழுத்து எழுத்தா உக்காரும்."

அவர் நிமிர்ந்து அலாவுதீனின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "மகுடேஸ்வரனா? சுவர் வேலையை நிறுத்துங்க. மதியம் நானே வந்து தடத்தை அளக்கறேன். அதுக்குள்ள ஒரு கல் வெச்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

ஆயம்மாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அதிகாரி துணியை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க, மை விட்டுப்போகும்" என்று அலாவுதீன் தடுத்தார். கையோடு கொண்டுவந்திருந்த, துணி சுற்றி வரும் அட்டைக் குழாயில் அதைச் சுருக்கமில்லாமல் சுற்றி, ஓரத்தை நீவிவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.