நாலு மணி நேரமும் மீதி எழுபது கிலோமீட்டரும்

போன வாரம் என் அக்கா மகள் சுபாவுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். அவள் தம்பி சுஜின் துபாயில் வேலை பார்க்கிறான். கம்பெனி லீவு கொடுத்ததே முந்தின நாள்தான். கிடைத்த பிளேனில் ஏறிவிட்டான்.

காலையில் போன். "மாமா, திருவனந்தபுரத்துல எறங்கிட்டேன்!"

அவ்வளவுதான்... அக்கா முகத்தில் சிரிப்பு. "எறங்கிட்டான்லா? அப்போ வந்த கணக்குதான்" என்று பட்டுப்புடவை மாற்றப் போய்விட்டாள்.

இது எங்கள் மாவட்டத்துக்கே உள்ள வியாதி. எங்களுக்கு ஏர்போர்ட் பக்கத்து மாநிலத்தில். ஆனாலும் பிளேன் தரையைத் தொட்டுவிட்டால் வீட்டு வாசலைத் தொட்ட மாதிரிதான் பேசுவோம். துபாய் எவ்வளவு தூரம்? ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் - நாலு மணி நேரம். மீதி எழுபது கிலோமீட்டரை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

அன்று பெரிய முகூர்த்த நாள். ரோடு முழுக்கக் கல்யாண வண்டிகள். "மாமா, இன்னும் பார்டரே தாண்டல, களியக்காவிளைலதான் நிக்கேன். வண்டி ஒரு அடி அனங்க மாட்டேங்கு" என்றான். அடுத்த போன் பாதி வழியில், மார்த்தாண்டத்திலிருந்து. குரல் உடைந்திருந்தது.

ஏன் இத்தனை பதற்றம்? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும் முன், பெண்ணின் தம்பி வாசலில் வைத்து அவர் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். அக்கா கல்யாணத்தில் தம்பிக்கென்று இருக்கும் உரிமை அது.

மாப்பிள்ளை கார் வந்தாயிற்று. தம்பியைக் காணோம். மணமகள் அறையில் சுபா அழுகிறாள். "சித்தப்பா மகன் நிக்கான்லா, அவன் கழுவட்டு. முகூர்த்தம் போயிரும்" என்றார் ஒருவர். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பை அவன் கையில் கொடுத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மாப்பிள்ளை, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மாமா. சுஜின் வரட்டு."

"வெயிலா இருக்கு. உள்ள வந்து இருங்க மாப்ள..."

"கால் கழுவாம எப்படி உள்ள வர? எங்க அக்கா கல்யாணத்துக்கு நான் குவைத்துல இருந்து வந்து சேரும்போ, வேற ஒருத்தன் கழுவி முடிச்சாச்சு. இவனுக்கு அப்படி ஆவண்டாம்."

புரோகிதர் வாட்சைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் அப்பா முனகுகிறார். மாப்பிள்ளை அசையவில்லை. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால்...

முகூர்த்தம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. ஜீன்ஸும் கசங்கிய சட்டையுமாக ஓடிவந்தான் சுஜின். "அத்தான்... லேட்டாயிட்டு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டான்.

"அழுகைய அப்புறம் பாக்கலாம். மொதல்ல தண்ணிய ஊத்து மக்கா. தரை சுடுது!"

வாசலே சிரித்தது. நேரத்துக்குத் தாலியும் ஏறியது.

பிளேனைக் கண்டுபிடித்த புண்ணியவான்களுக்கு நன்றி. வண்டியை எப்படியோ கொண்டுவந்து சேர்த்த டிரைவருக்கு நன்றி. ஆனால், அந்த மாப்பிள்ளைக்கு எப்படி நன்றி சொல்ல? எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே எங்கள் பிள்ளைக்காக நின்றவர் அவர்.

அப்படி வெயிலில் காத்து நின்ற காலைக் கழுவ, மூவாயிரம் கிலோமீட்டர் என்ன... அதற்கு மேலும் வரலாம்!