தெற்கு பார்த்த சோலாரும் எங்கள் அம்மாவும்

அம்மா போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அம்மாவைப் பொறுமைசாலி என்று பலரும் சொல்கிறீர்கள். அவர் பிடிவாதக்காரர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. ராசிபுரம் பக்கம் லாரி ஓட்டிய அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நான் பிறந்து ஆறாண்டு கழித்துத் தம்பி பிறந்தான், இரண்டு கால்களும் சூம்பியபடி. உட்கார்ந்தே நகர்வான். குளிர்ந்த நீர் பட்டால் கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். காலையும் மாலையும் அவனுக்கு வெந்நீர் வேண்டும். கரண்ட் ராடு போட்டுச் சுட வைத்தால் ஷாக் அடித்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். ஆகவே இருபத்தைந்து ஆண்டுகள் விறகடுப்பை ஊதினார், அண்டாவைத் தூக்கினார், மகனைக் குளிப்பாட்டினார். கடைசியில் நெஞ்சு புகை தாளாமல் இருமத் தொடங்கினார். புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

வளர்த்த ஆடுகளை விற்று மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தார் அம்மா. மாட்ட வந்தவர் தெற்கு பார்த்து வைக்க வேண்டும் என்றார். எங்கள் பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"தெக்கால வேண்டாஞ் சாமி. அது எமன் தெச. ஊட்டுக்கு ஆகாது."

எல்லோரும் தலையாட்டினோம். கிழக்கே திருப்பி வைத்தோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போக, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே வந்தது. அம்மா மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார், இருமிக்கொண்டே. தை பிறந்ததும் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டுத் தெற்கே திருப்பச் சொல்லிவிட்டார்.

"எமனுக்குச் சுடுதண்ணி வேணும்னா அவனும் வந்து ஊத்திக்கிட்டுப் போகட்டுங்க மாமா. எம் பையனுக்கு வேணும்" என்றார் பெரியப்பாவிடம்.

அடுத்த ஆண்டே அப்பா காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள் மாடியைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். காரியம் முடிவதற்குள் அதைத் திருப்பிவிட வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

அம்மா அழுதபடியே கேட்டார்: "அவங்க முப்பது வருசமா பீடி குடிச்சாங்களே, அது எந்தத் தெசயப் பாத்து இருந்துச்சுங்க மாமா?"

பிறகு மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பெரியப்பா பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அதோடும் நிற்கவில்லை. கொத்தனாரை அழைத்துக் குளியலறைக் குழாய்களைத் தரையில் உட்கார்ந்தால் எட்டும் உயரத்துக்கு இறக்கினார். இனித் தம்பி தானே குளிக்க வேண்டும் என்றார். தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "பச்சத்தண்ணி மொதல்லடா சாமி, அப்பறந்தான் சுடுதண்ணி" என்று தினமும் சொல்வார். ஒருநாள் மாற்றித் திறந்து அவன் பாதம் வெந்துவிட்டது. நான் புகுந்த ஊரிலிருந்து ஓடி வந்து, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினேன்.

"எனக்கப்பறம் நீ வந்து தெனமும் ஊத்துவியா?" என்று கேட்டார். புண் ஆறியதும் மறுபடி கதவுக்கு வெளியேதான் நின்றார். அன்று சொன்ன சொல்லுக்கு அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், மூச்சு வாங்கும்போதும், "அவன் குளிச்சானா?" என்பார். யார் குளிப்பாட்டியது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அம்மாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவுக்குத் தனி நன்றி. அம்மாவை எடுத்த அன்று காலை, கொள்ளி வைக்க வேண்டிய தம்பியைக் குளிப்பாட்ட நான்கைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நானே குளிச்சுக்கறேனுங்க பெரீப்பா. கதவ மட்டும் சாத்துங்க" என்றான் தம்பி.

பெரியப்பா கதவைச் சாத்திவிட்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் குறுக்கே நின்றார். உள்ளே முதலில் ஒரு குழாய் திறந்தது, பிறகு இன்னொன்று. சற்று நேரத்தில் ஈர வேட்டியோடு தம்பி தானாகவே வெளியே வந்து, அம்மாவை அனுப்பி வைக்கப் புறப்பட்டான்.