நாகராசு மேஸ்திரியின் மழைநீர்த் தொட்டி

இலுப்பூர்ப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன ஊரில் வீடு கட்ட நினைக்கிறவர்கள், ஜோசியரிடம் போவதற்கு முன்பே நாகராசு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். சார்ஜாவில் மாடிமேல் மாடி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் பூசிய சுவரில் கை வைத்தால் வழுக்கும். அவருடைய பேச்சும் அப்படித்தான்.

ஆனால் அவர் பேர் பரவியது சுவரால் அல்ல, ஒரு சிமெண்டு மூடியால்.

புது வீடு கட்டினால் மொட்டை மாடித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க ஒரு தொட்டி வேண்டும். வரைபடத்தில் அதைக் காட்டினால்தான் அனுமதி. கட்டி முடித்ததும் ஓவர்சியர் வந்து பார்த்தால்தான் நிறைவுச் சான்று, அது இருந்தால்தான் கரண்டு. தொட்டி என்றால் சும்மாவா? ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, வட்டமான சிமெண்டு உறை இறக்கி, ஜல்லியும் மணலும் நிரப்ப வேண்டும். அந்த ஊரோ செம்புறாங்கல் பூமி. கடப்பாறையை ஓங்கிப் போட்டால் அது திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். போதாக்குறைக்கு, வாசலில் குழி வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று வாஸ்து பேசுகிறவர்கள் வேறு.

மேஸ்திரி எல்லாருக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே ஒரு உறையைத் தரைமட்டத்தில் பதித்து, உள்ளே நாலு சட்டி ஜல்லியைப் பரப்பி, மாடிக் குழாயை அதற்குள் விட்டு மூடியைப் போட்டுவிடுவார். அடியில் குழியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பழைய ஓவர்சியர் மூடியைப் போட்டோ எடுப்பார், காப்பி குடிப்பார், போய்விடுவார். மழை பெய்தால் உறை நொடியில் நிரம்பும். மிச்சத் தண்ணீரெல்லாம் தெருவில் இறங்கி, பெண்கள் குடம் வைக்கும் குழாயடியில் போய்ச் சேறாக நிற்கும். அந்தப் பக்கம் மேஸ்திரி எதற்குப் போகப்போகிறார்?

இப்படி ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர், காலமெல்லாம் வாடகை வீட்டில்தான் இருந்தார். கடைசியில் ஒருவழியாகச் சொந்த வீடும் எழும்பியது. மனைவி செவந்தி அவரோடு சித்தாளாகக் கல் சுமந்தவள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்து, ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. சொந்த வீடாயிற்றே, இதற்காவது ஒழுங்காகக் குழி வெட்டலாம் என்று மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. பழகிய கை, ஒரு உறையைப் பதித்து மூடியைப் போட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓவர்சியர் மாறினார். புதிதாக வந்தவர் சுடர்விழி. புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்த அந்தப் பெண் கேட்டது காப்பி அல்ல.

"ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்க மேஸ்திரி. ஊத்திப் பாப்போம்."

மேஸ்திரி மனசுக்குள் கணக்குப் போட்டார். சான்று இல்லை என்றால் கரண்டு இல்லை. வெள்ளிக்கிழமை ஊரே வந்து இருட்டு வீட்டில் உட்கார்ந்து சிரிக்கும். செவந்தி முகத்தில் எப்படி விழிப்பது? மாட்டிக்கொண்டு நிற்பதைவிட முந்திக்கொண்டு காலில் விழுவதே மேல் என்று முடிவு செய்தார்.

"தண்ணியெல்லாம் எதுக்கு மேடம்? உள்ளுக்க குழி கெடயாது."

பின்னால் இரண்டு குடத்தோடு வந்த செவந்தி இருமினாள்.

"ஏன் மேடம், நான் மட்டுமா? மேலத்தெரு டீச்சர் வீடு, பஸ் ஸ்டாண்டு காம்ப்ளெக்ஸ், தலைவரு மச்சினன் பங்களா, அம்புட்டும் நம்ம மூடிதான்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் ஏறிவிட்டது. "எல்லாத்தயும் நானே காட்டித் தாரேன். இந்த ஒரு வீட்ட மட்டும் விட்டுருங்க. இவளுக்காகத்தான் கேக்குறேன்."

செவந்தி கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கடைசியில் அவர் சட்டையைப் பிடித்தே இழுத்தாள். பாவம், அழுகிறாள் போல என்று நினைத்து மேஸ்திரி இன்னும் உருகினார். மேலும் நாலு வீடு வெளியே வந்தது.

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் தள்ளிவிட்டுக் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. இரண்டாவது குடமும் போன இடம் தெரியவில்லை. சுடர்விழி டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"நல்ல ஆழம் இருக்கே மேஸ்திரி?"

மேஸ்திரி குழியைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீங்க திருமயத்துக்குக் கான்கிரீட் போடப் போனீங்கள்ல, அப்பத்தான் மூடியத் தூக்கிட்டு எங்க சித்தாளுகள வச்சு வெட்டுனேன்" என்றாள் செவந்தி. "ஒங்க மூடியால தெனமும் கொழாயடியில ஏச்சு வாங்குறது நானு. நம்ம வீட்டுத் தண்ணியும் அங்கிட்டுப் போய் நிக்கணுமாக்கும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா விட்டுருப்பீங்களா?"

சான்று அங்கேயே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், குனிந்து மூடியை இழுத்துப் போட்டார். அவர் கட்டிய வீடுகளிலேயே உண்மையான தொட்டி உள்ளது இது ஒன்றுதான், அந்தத் தொட்டியை மட்டும் அவர் கட்டவில்லை.

சுடர்விழி கையெழுத்துப் போட்ட பேனாவை மூடிவிட்டு, "சரி, மத்த வீட்டுக்கெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னாடி குழி வெட்டி முடிச்சிரணும். டீச்சர் வீட்ல ஆரம்பிப்போமா?" என்றார்.

"பால் காய்ச்சுட்டு..." என்று இழுத்தார் மேஸ்திரி.

"பாலை நான் காய்ச்சிக்கிறேன்" என்றாள் செவந்தி. "நீங்க மேடம்கூடக் கெளம்புங்க."