அக்காவின் அதிகாரிப் பயிற்சியைக் காப்பாற்றப் போன பயணம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். தான் எழுந்து நின்ற இடத்தை மட்டும் விட்டுவிடும்படி அப்பா கேட்டார். அதையும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

என் அக்கா நிவேதா சுவிஸ் இராணுவத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவள். பெண்களுக்கு அது கட்டாயமில்லை, அவளாக விரும்பிப் போனாள். இப்போது ஒரு சின்னப் பிராந்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். (பெயரை எழுத வேண்டாம் என்றாள். ஃப்ரிபூர்க்கிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும், அது போதும்.) அங்கே விடுமுறைகளில் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போகலாம். அது பட்டத்துக்கான புள்ளிகளிலும் சேரும். மாணவர் குறைவு என்று அந்த ஏற்பாட்டை மூடப் பார்த்தார்கள். மூடினால் படிப்பு, பயிற்சி இரண்டில் ஒன்றை அக்கா கைவிட வேண்டும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பல்கலைக்கழகச் சபையில் வாக்கெடுப்பு. மாணவர் சார்பில் அக்கா பேசுவதாக இருந்தது.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார். எங்கள் பள்ளியில் காலாண்டுக்கு ஓர் அரைநாள் காரணம் சொல்லாமல் எடுக்கலாம், அதை எடுத்தேன்.

எங்கள் ஊரான ஆராவிலிருந்து ஃப்ரிபூர்க் ஏறத்தாழ நூற்றுப்பத்து கிலோமீட்டர். பேர்னில் ரயில் மாற வேண்டும். ஆராவில் ஏறிய பெட்டியில் நான்கு சிப்பாய்கள் பைகளோடு இருந்தார்கள். அப்பா என் தோளைத் தொட்டார்.

"அங்காலை இடமிருக்கு, வா."

எங்கே சீருடையைக் கண்டாலும் அப்பா அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை. அக்கா இராணுவத்துக்குப் போனபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் அவளது சீருடையைத் தோய்த்துக் காயப்போட்டால் அந்தப் பக்கம் போகமாட்டார்.

பேர்ன் தாண்டியதும் மூடுபனி விலகியது. ஃப்ரிபூர்க் நிலையத்தில் அறிவிப்பு இரண்டு மொழிகளில் வந்தது. அங்கிருந்து பஸ் இருபது நிமிடம். சாரதியிடம் அப்பா ஜெர்மனில் இடம் கேட்டார், அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். சரியான இடத்தில்தான் இறங்கினோம்.

மண்டபம் படிப்படியாக மேலேறும் பெஞ்சுகளோடு இருந்தது. நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்தோம். அப்பாவின் மடியில் அம்மா காரமாகப் பொரித்துத் தந்த ரோல்ஸ் பெட்டி. அக்கா பிரெஞ்சில் தொடங்கி, பிறகு ஜெர்மனுக்கு மாறினாள்.

"என் அப்பா சீருடைக்குப் பயந்து இந்த நாட்டுக்கு வந்தவர்" என்றாள். "இங்கே சீருடை போடுகிறவர் திங்கட்கிழமை அதைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்திருந்து படிக்கிறார். தவறு செய்தால் நான் அவரிடம் கேள்வி கேட்கலாம். இந்த ஏற்பாட்டை மூடினால் படிப்பு ஒரு பக்கமும் சீருடை இன்னொரு பக்கமும் போய்விடும். அப்பா பயந்தது அப்படிப்பட்ட சீருடைக்குத்தான்."

அவள் முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு மண்டபம் முழுவதும் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் தட்டத் தொடங்கியது.

அப்பா எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"பேச்சை நிப்பாட்டி இருக்கச் சொல்லித் தட்டுறாங்கள். எழும்பு பிள்ளை, அக்காவைக் கூட்டிக்கொண்டு போவம்."

அவர் படியில் இறங்கப் போகையில் பக்கத்திலிருந்த பெண் விரிவுரையாளர் அவரது கையைப் பிடித்தார். பல்கலைக்கழகத்தில் கைதட்டுவதில்லை, நன்றாகப் பேசினால் மேசையைத்தான் தட்டுவோம் என்று ஜெர்மனில் சொன்னார். அப்பா அதை நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"உண்மையோ?"

"ஓம் போலக் கிடக்கு, அப்பா. அக்கா சிரிக்கிறா."

அவர் அமர்ந்தார். பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

வாக்கெடுப்பில் மூடுவதற்கு ஆதரவாக உயர்ந்த கைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஏற்பாடு தொடரும் என்று தலைவர் அறிவித்தார். மறுபடியும் ஆலங்கட்டி. இம்முறை அப்பாதான் தொடக்கி வைத்தார்.

அக்காவும் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். திரும்பும் ரயில் வார விடுமுறைக்கு வீடு போகும் சிப்பாய்களால் நிறைந்திருந்தது. நான் வழக்கம்போல் அடுத்த பெட்டியைப் பார்த்து நடந்தேன்.

"எங்கை போறாய்?" என்றார் அப்பா. "இஞ்சை இடமிருக்குத்தானே."

இரண்டு சிப்பாய்களுக்கு எதிரே அமர்ந்து பெட்டியைத் திறந்தார். ஒருவன் ரோல்ஸைக் கடித்துவிட்டுத் தண்ணீரைத் தேடினான்.

"உறைக்கும் எண்டு சொல்லியெல்லோ குடுக்கோணும்" என்றாள் அக்கா.

"ஆமிக்காரன் தாங்கட்டும்" என்றார் அப்பா.

இதுபோல் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் ஜூனியர் அட்டை எடுத்தால் பெற்றோருடன் ஒரு வருடம் இலவசமாகப் போகலாம், முப்பது பிராங்தான். பேர்னில் மாறும்போது நடைமேடையைப் பலகையில் பாருங்கள், கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள், நாங்கள் போனோம். சபைக் கூட்டத்துக்கு முன்னதாகவே போய்விடுங்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். கைதட்ட வேண்டாம்.

வீட்டில் அம்மா காத்திருந்தா. மண்டபத்தில் நடந்ததை அப்பா குசினி மேசையில் தட்டிக் காட்டினார். அக்காவும் நானும் சேர்ந்துகொண்டோம். இரவு பத்து மணிக்குப் பிறகு இங்கே சத்தம் போடக்கூடாது, அது கடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கீழ்வீட்டிலிருந்து, வீடு கூட்டும் தும்புத்தடியால் தங்கள் கூரையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"பார், கீழ்வீட்டு மனுசியும் பாராட்டுது" என்றார் அப்பா.

அம்மா விளக்குகளை அணைத்துவிட்டா.