செலியமேட்டில் பாதிக் கலைக்களஞ்சியம்

மார்கழிச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு நானும் என் மகள் மகிழினியும் வில்லியனூரில் பாகூர் பேருந்தில் ஏறினோம். அவளுக்கு மூன்றரை வயது. பையில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து. காய்ச்சல் இல்லை; இருந்தாலும் எடுத்து வைத்தேன். காலியான துணிப்பை ஒன்றையும் மடித்து வைத்திருந்தேன். அது புத்தகத்துக்கு.

பழைய கலைக்களஞ்சியங்களைச் சேர்ப்பது என் பழக்கம். “போன்லயே எல்லாம் இருக்கே” என்பார் என் கணவர். இருக்கிறதுதான். ஆனால் போனில் தேடினால் தேடியது மட்டும் வருகிறது. தொகுதியைப் புரட்டினால் வழியில் பத்து விஷயங்கள் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. எங்கள் வீட்டில் உள்ள பத்துத் தொகுதி வரிசையில் மூன்றாவது மட்டும் இல்லை. ‘க’வும் ‘கா’வும் அதில் அடக்கம் என்பதால் எங்கள் வீட்டில் கடலும் கப்பலும் காடும் கிடையாது. இரவில் மகிழுக்குப் படம் காட்டும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தாவ வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாகத் தேடுகிறேன். சென்ற வாரம் பழைய புத்தக வாட்ஸ்அப் குழுவில் செலியமேட்டிலிருந்து ஒரு படம் வந்தது. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கிறார்களாம். எங்களிடம் உள்ள அதே வரிசை; ஒரு தொகுதியின் முதுகில் ‘3’ தெளிவாகத் தெரிந்தது.

பாகூருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டிக்கெட் இருபது ரூபாய். கரிக்கலாம்பாக்கம் தாண்டியும் பனி விலகவில்லை. பூத்த கரும்பு இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாக நின்றது. அதன் அடியில் தரை இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு வயலில் தேங்கிய நீரில் கொக்கு நின்றது, தலைகீழாக இன்னொரு கொக்கும். மகிழ் என் மடியில் தூங்கிவிட்டாள். எனக்கும் கண் செருகியது. சன்னல் காற்று அவளுக்கு ஆகாதோ என்று சாத்தினேன்; மூச்சு முட்டுமோ என்று பாதி திறந்தேன்.

பாகூரிலிருந்து செலியமேட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

“கொழந்தைய வெச்சிக்கினு இன்னாம்மா இந்தப் பக்கம்? சொந்தக்காரங்க வூடா?” என்றார் ஓட்டுநர்.

“புத்தகம் வாங்கப் போறேன்.”

“புக்கா? கரும்பு வாங்க வருவாங்க, நெல்லு வாங்க வருவாங்க. புக்கு வாங்க நீங்கதான் ஃபர்ஸ்ட்டு.” காத்திருந்து திரும்பக் கூட்டிப்போவதாகவும் சொன்னார், அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். படம் அனுப்பிய செல்வி அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அட்டைப்பெட்டியைத் தயாராக வாசலில் வைத்திருந்தார். திறந்தேன். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அவ்வளவுதான்.

“மீதி எங்கேக்கா?”

“மீதி அந்த வூட்ல.” எதிர் வீட்டை முகவாயால் காட்டினார். “மாமனார் வாங்குனது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறப்ப நெலம் சரிபாதி. போர்வெல் தண்ணி ஒருநாள் எங்களுக்கு, மறுநாள் அவங்களுக்கு. புக்கும் அப்படித்தான். ஒண்ணு எங்களுக்கு, ரெண்டு அவங்களுக்கு, மூணு எங்களுக்கு.”

“முதல் அஞ்சு, கடைசி அஞ்சுன்னு பிரிச்சிருக்கலாமே?”

“மொத அஞ்சும் குண்டா இருக்குதே! சண்டை வராது?”

எனக்குத் தேவை மூன்று மட்டும். ஆனால் தன் பங்கைப் பிரித்துத் தரமாட்டேன் என்றார். ஐந்தையும் வாங்கச் சம்மதித்தேன். வீட்டில் எங்கே வைப்பது என்ற கவலை உடனே வந்தது. ஓட்டுநர் பெட்டியைத் தூக்கப் போனபோது எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். செல்வி அக்காவின் ஓரகத்தி, இளையவர் மனைவி மல்லிகா.

“அம்மா, அதுல மூணு இருக்குதா? ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தரேன்.”

செல்வி அக்கா மகிழைப் பார்த்துச் சொன்னார்: “பாப்பா, இத்தினி நாளு கேக்காதவங்க இன்னிக்கு இன்னாத்துக்குக் கேக்கறாங்கன்னு கேளு.”

மல்லிகாவும் மகிழிடமே பதில் சொன்னார்: “கேட்டா குடுத்துடுவாங்களா பாப்பா? போர்வெல் தண்ணிச் சண்டையிலேர்ந்து பேச்சே இல்ல.”

மகிழ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இரண்டாம் தொகுதியில் ‘உறக்கம்’ என்ற கட்டுரையை மல்லிகா படித்திருக்கிறார். கடைசியில் ‘காண்க: கனவு’ என்று போட்டிருக்கிறது. கனவு மூன்றில். மூன்று எதிர் வீட்டில். “எனக்குத் தெனம் ஒரே கனவு வருதும்மா. ஏம்பலத்துல எங்கம்மா வூட்டுக் கரும்புக்குள்ள நடந்துகினே இருக்கேன், வெளிய வர்ற வழியே வரல. அது ஏன்னு போட்டிருக்கும்ல?”

மூன்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஆட்டோ மீது சாய்ந்தபடி மல்லிகா வாய்விட்டுப் படித்தார். இரண்டு பக்கம். கனவின் காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை என்று அது முடிந்தது.

“இதுக்கா நான் இத்தினி வருசம் காத்துக்கினு கெடந்தேன்!” மல்லிகா சிரித்துவிட்டார். பிறகு, “இரு, ‘காண்க: நினைவு’ன்னு இருக்குது. அது ஆறுல வரும். ஆறு என்னாண்ட இருக்குது” என்று வீட்டுக்குள் ஓடினார். ஆறாம் தொகுதியோடு வந்து அதையும் படித்தார். அதன் முடிவில் ‘காண்க: மூளை’.

“மூளை எதுல?” என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், “ஒம்போது” என்றது செல்வி அக்காவின் குரல். பெட்டியிலிருந்து அவரே எடுத்துக் கையில் வைத்திருந்தார். “இந்தா, புடி. கண்ணாடி இல்லாம நீ இன்னும் எவ்ளோதான் படிப்ப? குடு, நான் படிக்கறேன்.”

வெயில் மெல்ல ஏறியது. சாணத் தண்ணீர் மணக்கும் வாசலில் இருவரும் தலையோடு தலை வைத்துப் பக்கம் புரட்டினார்கள். ஓட்டுநரும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகிழுக்கு யாரோ கரும்புத் துண்டு கொடுத்திருந்தார்கள். கழுவினார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மூளையின் மடிப்புகளைப் பற்றி ஒரு குரல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டே போனது. அதைக் கேட்டபடி நாள் முழுக்க அங்கேயே நிற்கலாம் போலிருந்தது.

ஒரு மணிக்கு நான் பேருந்து நேரத்தை நினைவூட்டினேன். செல்வி அக்கா ஒன்பதை மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு வேணாம்மா. இதை இப்போ தூக்கிக் குடுத்தா, இவ தெனம் என் வாசல்ல வந்து பொலம்புவா.”

“யாரு, நானா? உன் வாசலுக்கா?” என்றார் மல்லிகா.

பேசி முடித்த விலை, குழந்தையோடு வந்த தூரம் என்று நான் வாதாடியிருக்கலாம். மூன்றாம் தொகுதி ஆட்டோ இருக்கையில்தான் கிடந்தது. கடலையும் கப்பலையும் ஒருமுறை திறந்து மகிழுக்குக் காட்டினேன். பிறகு பெட்டிக்குள் வைத்தேன். சரியாகச் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. மல்லிகா என் நம்பரை வாங்கிக்கொண்டார். “மூணுல எந்தப் பக்கம் வேணும்னாலும் போன் போடு. நான் படிச்சுச் சொல்றேன்.”

திரும்பும் பேருந்தில் பாகூர் ஏரி நெடுநேரம் கூடவே வருவதுபோல் இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏம்பலம் பிரியும் சாலையைத் தாண்டும்போது போன் அடித்தது.

“நான்தாம்மா, மல்லிகா. அக்காவும் பக்கத்துலதான் இருக்குது. மூளை முடிஞ்சிது. ‘காண்க: நரம்பு’ன்னு போட்டிருக்குது. ஆறுல பாத்தா அந்தப் பக்கத்தைப் பூரா கரையான் தின்னுருக்குது. உன்னாண்ட ஆறு இருக்குதா?”

“இருக்கு,” என்றேன். “வீட்டுக்குப் போனதும் படிக்கறேன்.”