மூன்றாவது பெயர்

என் அலமாரியில் ஒரு பழைய சான்றிதழ் இருக்கிறது. சித்தூரில் நடந்த நீச்சல் போட்டியில் நான் டைவிங் 'செய்து காட்டினேன்' என்று அதில் எழுதியிருக்கும். ஜெயித்தேன் என்றும் இல்லை, தோற்றேன் என்றும் இல்லை. செய்து காட்டினாளாம், குரங்காட்டி கூட்டிவந்த குரங்கு மாதிரி. அன்று டைவிங்குக்குப் பெயர் கொடுத்த ஒரே பெண் நான்தான். மூன்று பேராவது இருந்தால்தான் போட்டி, மார்க் எல்லாம். "இவ்ளோ தூரம் வந்துட்டே, சும்மா ரெண்டு தடவ குதிச்சிட்டுப் போம்மா" என்றார் அதிகாரி. குதித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குளத்துத் தண்ணீரே கொதித்திருக்க வேண்டும்.

நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா மட்டும் நான் முதல் பரிசு வாங்கியதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். "குதிச்சது நீ ஒருத்திதானே, அப்போ நீதான் ஃபர்ஸ்ட்டு" என்பார். "போட்டியே நடக்கல நைனா!" என்று நான் கத்துவேன். அடுத்த வருடமும் இதே கதை, அதற்கடுத்த வருடமும் இதே கதை. எந்த நடுவரும் எனக்கு ஒரு மார்க்கூடப் போட்டதில்லை.

பிறகு திருப்பதியில் நீச்சல் ஆசிரியை ஆனேன். காலை ஆறு மணிக்குப் பெண்கள் வகுப்பு. திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் முதல் நாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் விடவே மாட்டார்கள். "உள்ள போயிட்டா யாரு மேடம் தூக்குவாங்க?" என்று நடுங்கிய ஒருத்தி இன்று நிறுத்தாமல் பத்துச் சுற்றுப் போகிறாள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கப் போவதில்லை. ஆனால் டைவிங் பலகையில் ஏறச் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிடும்.

போன வருடம்தான் ஒருவழியாக மூன்று பெண்கள் தேறினார்கள். மாவட்டப் போட்டியில் மார்க் வாங்கினால்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். மூன்று பெயரையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். போட்டியன்று காலையில் அவர்களில் ஒருத்தியின் அம்மா போன் செய்தார். "காதுல சீழ் புடிச்சிக்கினு நேத்துலருந்து அழுதுக்கினே கீறா மேடம். டாக்டரு தண்ணியில எறங்கவே கூடாதுன்ட்டாரு."

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். ஆனால் மற்ற இருவரும் நீச்சல் உடையில், துண்டைப் பிசைந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களையும் செய்து காட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நேராக நடுவரிடம் போய், பெண்கள் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு உண்டா என்று கேட்டேன். விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு இல்லை என்றார்.

"அப்போ மூணாவதா என் பேரை எழுதிக்கோங்க சார்."

"மேடம், மீ வயசு..." என்று தெலுங்கில் இழுத்தார்.

"ஐம்பத்தாறு. எழுதுங்க."

முழங்கால் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். என் மாணவிகள் காற்றில் சுருண்டு விரிந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போயிருந்தார்கள். எனக்கு அந்த வித்தையெல்லாம் இந்த வயதில் ஆகாது. கையை நீட்டி, தலை முதலில், நேராக விழுந்தேன். மேலே வந்து பார்த்தால் நடுவர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஐந்து, நாலரை, ஐந்து. சுமாரான மார்க்தான். வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் மார்க். அட்டைகளைக் கீழே இறக்கும்வரை நான் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.

கடைசிக் குதிப்பில் கால் மடங்கிப்போய், முன்வரிசைப் பெற்றோர்களை எல்லாம் நனைத்துவிட்டேன். மாணவிகள் இருவரும் முதலும் இரண்டாவதும் வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானார்கள். வெண்கலப் பதக்கத்தை என் கழுத்தில் மாட்டியபோது, தங்கள் பதக்கத்துக்குக் குதித்ததைவிட அதிகமாகக் குதித்தார்கள் அந்தக் கழுதைகள்.

ஈரத் தலையோடு நகரிக்குப் போன் செய்தேன். நைனாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கத்தித்தான் பேச வேண்டும்.

"நைனா, நான் மூணாவது!"

"எத்தினி பேரு குதிச்சீங்க?"

"மூணு பேரு."

கடைசியா வந்ததுக்கா போன் பண்றே என்று கிண்டல் செய்வார் என்று நினைத்தேன்.

"அப்போ போட்டி நடந்துச்சா?" என்றார்.

"நடந்துச்சு நைனா."